மூச்சுக்குழாயின் இரு பக்கமும்

கழுத்து ஸ்கேனுக்கு எந்த முன்னேற்பாடும் வேண்டாம். பட்டினி கிடக்க வேண்டாம், பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்துச் சிறுநீரை அடக்கிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கவும் வேண்டாம். ஆனாலும் பலர் அப்படித்தான் வருகிறார்கள். ஸ்கேன் என்றாலே வயிறு என்று பழகிவிட்டது. அவர்களை முதலில் போய்விட்டு நிம்மதியாக வரச் சொல்வேன். வேண்டியது ஒரு தலையணை மட்டும். அதுவும் தலைக்கு அல்ல, தோளுக்கு அடியில். தலை பின்னால் சாய்ந்து, முகவாய் மேலே எழும்பி, கழுத்தின் முன்பக்கம் நன்றாக விரிய வேண்டும். கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ள முதியவர்களுக்கு இது வலிக்கும். அவர்களுக்குத் துண்டைச் சுருட்டி வைத்து, தாங்குகிற அளவுக்கு மட்டும். பெண்கள் தாலியைப் பிடித்துக்கொண்டு தயங்குவார்கள். "கழற்ற வேண்டாம்மா, ஓரமா ஒதுக்கிக்கலாம்" என்று சொல்லி, டிஷ்யூவில் பொதிந்து தோள்பக்கம் எடுத்து வைத்துவிடுவேன். இதெல்லாம் முடிந்த பிறகுதான் கழுத்தில் ஜெல் படும்.

எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த படம், நோய் எதுவும் இல்லாத ஒரு கழுத்தின் குறுக்குவெட்டு. மார்பெலும்புக் குழிக்குச் சற்று மேலே புரோபைக் குறுக்காக வைத்ததும் நடுவில் மூச்சுக்குழாய் வெள்ளை வளைவாகத் தெரியும். உள்ளே இருக்கும் காற்று ஒலியலையைத் திருப்பி அனுப்பிவிடுவதால் அதன் பின்னே வெறும் நிழல். வளைவின் மேல் மூன்று நான்கு மில்லிமீட்டர் தடிமனில் தைராய்டின் இடைப்பாலம். இரு பக்கமும் இரண்டு மடல்கள். மடல்களுக்கு வெளியே கரோட்டிட் தமனி, வட்டமாக, கருமையாக, துடித்தபடி. அதற்கும் வெளியே கழுத்துச் சிரை. கை கொஞ்சம் அழுந்தினாலே அது ஒடுங்கிக் காணாமல் போய்விடும். முன்னால் பட்டைத் தசைகள், பின்னால் முதுகெலும்பின் மேல் படிந்த லாங்கஸ் கோலி தசை. இவ்வளவும் தோலிலிருந்து மூன்று நான்கு சென்டிமீட்டர் ஆழத்துக்குள். அதனால்தான் இங்கே உயர் அதிர்வெண் புரோபைப் பயன்படுத்த முடிகிறது: 7 முதல் 15 மெகாஹெர்ட்ஸ், சில கருவிகளில் அதற்கும் மேல். அதிர்வெண் கூடினால் ஒலி ஆழமாகப் போகாது, ஆனால் நுணுக்கம் கூடும். வயிற்றில் கிடைக்காத தெளிவு கழுத்தில் கிடைக்கிறது.

பயிற்சிக்கு வரும் இளம் டாக்டர்கள் கட்டியைப் பார்க்க ஆசைப்படுவார்கள். நான் அவர்களைப் பல வாரம் சாதாரணக் கழுத்துகளையே பார்க்க வைப்பேன். ஒவ்வொரு மடலும் நீளத்தில் நான்கு முதல் ஆறு சென்டிமீட்டர், முன்பின் தடிமன் இரண்டு சென்டிமீட்டருக்குள். நீளம், அகலம், தடிமன் மூன்றையும் பெருக்கி 0.52ஆல் பெருக்கினால் மடலின் கனஅளவு வரும். இரண்டையும் கூட்டினால் பெண்களுக்கு 18 மில்லிலிட்டருக்குள்ளும் ஆண்களுக்கு 25க்குள்ளும் இருக்க வேண்டும் என்பது பரவலாகக் கொள்ளும் கணக்கு. இந்த எண்களை ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிடலாம். கண்ணுக்குப் பழக்கம் வரத்தான் காலம் பிடிக்கும். இடப்பக்கம் மூச்சுக்குழாய்க்குப் பின்னிருந்து உணவுக்குழாய் எட்டிப்பார்க்கும். வளையம் வளையமாக, நடுவில் வெள்ளையாக. புதிதாகப் பார்ப்பவர்களுக்கு அது மடலின் பின்னால் இருக்கும் கட்டி போலவே தோன்றும். "எச்சில் முழுங்குங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதன் நடுவில் காற்றுக்குமிழ்கள் மினுமினுத்து ஓடும். அளப்பதற்கு முன் முழுங்கச் சொல், அழுத்திப் பார், புரோபைத் திருப்பி நெடுக்காகப் பார். இந்த மூன்றும் கைக்கு அனிச்சையாக வரும் வரை யாரும் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தைராய்டு ஏன் வெளிச்சமாகத் தெரிகிறது என்பதை நான் எப்போதும் விளக்கிச் சொல்வேன். சுற்றியுள்ள தசையைவிட அது நன்றாக வெளுத்து, முழுக்க ஒரே சீராக இருக்கும். சுரப்பியின் உள்ளே எண்ணற்ற நுண்ணறைகள். ஒவ்வொன்றையும் சுற்றி ஒற்றை வரிசைச் செல்கள், நடுவில் கொலாய்டு என்னும் பிசுபிசுத்த திரவம். செல்லிலிருந்து திரவத்துக்கு, திரவத்திலிருந்து செல்லுக்கு என ஒலியலை போகிற வழியெல்லாம் எல்லைகள். ஒவ்வோர் எல்லையிலும் கொஞ்சம் எதிரொலி திரும்பி வருகிறது. அந்த எதிரொலிகளின் கூட்டுத்தான் திரையில் நாம் காணும் வெளுப்பு. ஆக, அந்த வெளுப்பே சுரப்பி தன் வேலையைச் செய்யும் விதத்தின் படம். உணவில் வரும் அயோடினை இரத்தத்திலிருந்து இழுத்து, அந்தக் கொலாய்டில் உள்ள தைரோகுளோபுலினில் பொருத்தி, டி4, டி3 ஹார்மோன்களைச் செய்து அங்கேயே இருப்பு வைக்கிறது. வரத்து நின்றாலும் சில வாரங்கள் தாக்குப்பிடிக்கும் இருப்பு. எவ்வளவு வெளியே விட வேண்டும் என்பதைப் பிட்யூட்டரி அனுப்பும் டி.எஸ்.எச். சொல்லும். இதயத் துடிப்பு, உடல் சூடு, குடலின் ஓட்டம், குழந்தையின் மூளை வளர்ச்சி எல்லாம் இதன் பொறுப்பில். எடைக்கு எடை பார்த்தால் சிறுநீரகத்தைவிடவும் அதிக இரத்தம் பாயும் உறுப்பு இது. இரத்த ஓட்டத்தை வண்ணத்தில் காட்டும் டாப்ளரைப் போட்டால் புள்ளிகள் நிதானமாக வந்து போகும். தைராய்டு மிகையாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோயில் அதே சுரப்பி முழுக்கச் சிவப்பும் நீலமுமாகக் கொழுந்துவிட்டு எரியும். கதிரியக்கத் துறையில் அந்தப் படத்துக்கே 'தைராய்டு இன்ஃபர்னோ' என்று பெயர்.

ஹாஷிமோட்டோ நோயில் அந்த வெளுப்பு போய்விடும். 1912இல் ஜப்பானின் ஹகாரு ஹாஷிமோட்டோ நான்கு பெண்களின் சுரப்பியை நுண்ணோக்கியில் பார்த்து எழுதியது, இன்று என் அறையில் தினமும் திரையில் தெரிகிறது. நிணநீர்ச் செல்கள் உள்ளே குவிந்து நுண்ணறைகளை அழிக்கின்றன. எல்லைகள் குறைகின்றன, எதிரொலி குறைகிறது, சுரப்பி தசையின் நிறத்துக்கு இருண்டு போகிறது. இடையிடையே வெள்ளை நார்க்கோடுகள், கடுகளவு கருந்திட்டுகள். பல நேரங்களில் இரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே படம் சொல்லிவிடும். "எப்பவும் அசதியா இருக்கு டாக்டரம்மா, வீட்டுல சோம்பேறின்னு சொல்றாங்க" என்று சொல்லிக்கொண்டே படுத்திருக்கும் பெண்ணின் கழுத்தில் இந்த இருளைப் பார்க்கும்போது, அசதிக்குக் காரணம் இருக்கிறது, சோம்பல் அல்ல என்று அவளிடம் உடனே சொல்லிவிடுவேன். சிகிச்சை மருத்துவர் சொல்ல வேண்டியதை நான் முந்திச் சொல்வதாகச் சிலர் நினைக்கலாம். அந்த ஒரு வாக்கியம் அவளோடு வந்திருக்கும் மாமியார் காதிலும் விழ வேண்டும் என்பது எனக்கு முக்கியம்.

அயோடின் குறைவால் வரும் பெருங்கழலைகளை என் ஆசிரியர்கள் பார்த்த அளவுக்கு என் தலைமுறை பார்க்கவில்லை. 1956இல் தொடங்கி இமாச்சலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் வி. ராமலிங்கசுவாமியும் அவர் குழுவும் அயோடின் கலந்த உப்பைக் கொடுத்துக் கழலை குறைவதை நிரூபித்தார்கள். 1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. என் திரையில் இன்று தெரியும் சாதாரண அளவுள்ள சுரப்பிகளில் அந்த உப்புக்கும் பங்கு உண்டு.

இனி முடிச்சுகள். தைராய்டு தோலுக்கு மிக அருகில், மறைப்பு எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருப்பதால் எல்லாவற்றையும் காட்டிவிடுகிறது. கையால் தடவிப் பார்த்தால் நூற்றில் நான்கைந்து பேருக்குத்தான் முடிச்சு தட்டுப்படும். ஸ்கேன் செய்தால் நடுவயதுக்கு மேல் மிகப் பலருக்கு ஏதோ ஒன்று இருக்கும். இரண்டு மில்லிமீட்டர் நீர்க்கட்டி, அதற்குள் வால்நட்சத்திரம் போல ஒளிரும் கொலாய்டுப் புள்ளி, தேனடை போலத் துளைதுளையாக ஒரு மென்முடிச்சு. இவை பெரும்பாலும் தீங்கற்றவை. கண்ணில் படுவதையெல்லாம் அதே அழுத்தத்தோடு எழுதினால் ரிப்போர்ட் நோயாளியின் வீட்டில் ஒரு தீயைப் பற்றவைத்துவிடும். என்னைக் கவலைப்பட வைக்கும் அடையாளங்கள் வேறு: திடமான, மிகக் கருமையான முடிச்சு; அகலத்தைவிட உயரம் கூடி நிற்பது; ஓரம் ஒழுங்கற்றுக் கிளைப்பது; நிழல் விழாத பொடிப்பொடியான வெண்புள்ளிகள். பின்னது பாப்பில்லரி புற்றில் சுண்ணாம்பு படிந்த நுண்மணிகளாக இருக்கலாம். 2017இல் அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரி வெளியிட்ட டைராட்ஸ் முறை இந்த அடையாளங்களுக்கெல்லாம் மதிப்பெண் கொடுத்து, எந்த அளவுக்கு மேல் ஊசிப் பரிசோதனை தேவை என்று வரையறுத்தது. மிகச் சந்தேகத்துக்குரியதற்கும் 1 சென்டிமீட்டர். நடுத்தரச் சந்தேகத்துக்கு 1.5, லேசான சந்தேகத்துக்கு 2.5. அதற்குக் குறைந்தால் கண்காணிப்பு, அல்லது அதுவும் வேண்டாம். நான் அதைப் பெரிதும் மதிப்பது, ஊசி எப்போது வேண்டாம் என்று தைரியமாகச் சொல்வதற்காக.

தென் கொரியாவில் நடந்ததை இந்தத் துறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். 1999இல் அங்கே அரசு வேறு சில புற்றுகளுக்காகப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. அதோடு கொஞ்சம் கூடுதல் பணம் கட்டினால் தைராய்டு ஸ்கேனும் செய்துகொள்ளலாம் என்று மருத்துவமனைகள் சேர்த்துக்கொண்டன. 2011இல் தைராய்டு புற்று கண்டறியப்படும் விகிதம் 1993இல் இருந்ததைப் போல் 15 மடங்கு ஆனது. தைராய்டு புற்றால் இறப்போர் எண்ணிக்கை மட்டும் மாறவே இல்லை. கண்டறியப்பட்டவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் அறுவை நடந்தது. அவர்களில் நூற்றுக்கு 11 பேர் பாராதைராய்டு குறைபாட்டோடும் 2 பேர் குரல்நாண் முடக்கத்தோடும் வீடு திரும்பினார்கள். அதற்கும் முன்னால், 1985இல் பின்லாந்தில் வெளியான ஓர் ஆய்வில், பிரேதப் பரிசோதனை செய்த 101 பேரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்களின் தைராய்டில் சிறு பாப்பில்லரி புற்று இருந்தது. அதோடு வாழ்ந்து, வேறு காரணத்தால் இறந்தவர்கள். இதைப் படித்த பிறகு என் கை அடங்கியது. "முழு உடல் செக்கப்பில தைராய்டையும் ஒரு பார்வை பார்த்துடுங்களேன்" என்று கேட்பவர்களிடம், கழுத்தில் தொந்தரவோ குடும்பத்தில் வரலாறோ இல்லையென்றால் வேண்டாம் என்று உட்கார வைத்துச் சொல்கிறேன்.

அந்த 11 பேர் இழந்தது பாராதைராய்டை. தைராய்டின் முதுகில் ஒட்டியிருக்கும் நான்கு துவரம்பருப்பளவுச் சுரப்பிகள். ஒவ்வொன்றும் 30 முதல் 50 மில்லிகிராம். தைராய்டோடு இருக்கிறது என்பதைத் தவிர அதற்கும் தைராய்டு வேலைக்கும் சம்பந்தம் இல்லை. இது கால்சியத்தைக் காக்கும் சுரப்பி. இரத்தத்தில் கால்சியம் டெசிலிட்டருக்கு சுமார் 8.5 முதல் 10.5 மில்லிகிராம் என்ற குறுகிய வரம்புக்குள் நிற்பது இதனால்தான். கொஞ்சம் இறங்கினால் பாராதைராய்டு ஹார்மோன் எழும். எலும்பிலிருந்து எடுக்கும், சிறுநீரில் போவதைத் தடுக்கும், வைட்டமின் டி வழியாகக் குடலில் கூடுதலாக உறிஞ்ச வைக்கும். நான்கும் போய்விட்டால் விரல்கள் மரத்து, கை இழுத்துக்கொள்ளும்.

உடற்கூறு நூல்களில் இவ்வளவு தாமதமாக இடம்பெற்ற சுரப்பி வேறு இல்லை. லண்டன் விலங்குக் காட்சிசாலையில் 1849இல் இறந்துபோன ஓர் இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்துப் பார்த்த ரிச்சர்ட் ஓவன், தைராய்டை ஒட்டி மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு சுரப்பி இருப்பதைக் குறித்துவைத்தார். மனிதரில் இதைத் தேடிக் கண்டு விரிவாக எழுதியவர் சுவீடனின் உப்சாலாவில் மருத்துவ மாணவராக இருந்த ஈவார் சாண்ட்ஸ்ட்ரோம், 1880இல். அப்போது யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. அத்தனை பெரிய காண்டாமிருகத்தின் கழுத்தில் அத்தனை சிறியதைத் தவறவிடாத அந்தக் கண்ணை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும்.

ஆரோக்கியமான பாராதைராய்டு ஸ்கேனில் பொதுவாகத் தெரியாது. அளவு சிறிது, உள்ளே கொழுப்பும் கலந்திருப்பதால் சுற்றியுள்ள கொழுப்போடு நிறம் கலந்துவிடும். அதில் கட்டி வளரும்போது செல்கள் நெருக்கியடித்துச் சீராகப் பெருகி, கொழுப்பு விலகிப்போய், எதிரொலி குறைந்த கருமையான நீள்வட்டமாகத் திரையில் வரும். தைராய்டுக்கும் அதற்கும் நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஓடும். டாப்ளரில், நிணநீர் முடிச்சானால் நடுவில் நுழையும் தமனி, இதில் ஒரு முனையில் நுழைந்து விளிம்பைச் சுற்றி வளையும். இந்த மூன்றும் சேர்ந்தால் என் நாடி கொஞ்சம் வேகமாகத் துடிக்கும்.

கண்டுபிடிக்கத் தேடும் இடம் தெரிய வேண்டும். அதற்குக் கருவில் அவை வந்த வழி தெரிய வேண்டும். தைராய்டே நாக்கின் வேரில் தொடங்கிக் கீழே இறங்கி வந்த சுரப்பி. சிலருக்கு இடைப்பாலத்திலிருந்து மேல்நோக்கி ஒரு கூம்பு மடல் எஞ்சி நிற்பது அந்தப் பயணத்தின் தடம். கீழ் ஜோடிப் பாராதைராய்டு கருவின் மூன்றாம் தொண்டைப் பையில் தைமஸோடு சேர்ந்து பிறந்து, அதோடு இறங்குகிறது. மேல் ஜோடி நான்காம் பையில் பிறந்து கொஞ்ச தூரமே நகர்கிறது. அதனால் மேல் ஜோடி பெரும்பாலும் மடலின் பின்புறம் நடுப்பகுதிக்குச் சற்று மேலே, எதிர்பார்த்த இடத்தில் இருக்கும். நெடுந்தூரம் வந்த கீழ் ஜோடியோ தாடை எலும்பின் கோணத்திலிருந்து நெஞ்சுக்கூடு வரை எங்கு வேண்டுமானாலும் நின்றிருக்கலாம். ஆனால் மேல் சுரப்பியில் கட்டி வந்து கனம் கூடினால் அது உணவுக்குழாயின் பின்னால் சரிந்து இறங்கிவிடும். அப்போது கீழ்ச் சுரப்பியைவிடவும் கீழே கிடக்கும்.

ஒரு பெண்மணி நினைவுக்கு வருகிறார். ஐம்பதைத் தாண்டியவர், சிறுநீரகக் கல் திரும்பத் திரும்ப வந்தவர். இடுப்பும் முழங்காலும் வலிக்கிறது என்று சொன்னபோதெல்லாம் வயதாகிவிட்டால் அப்படித்தான் என்று பதில் கிடைத்திருந்தது. யாரோ ஒருவர் கால்சியம் பார்த்தார், 12ஐத் தாண்டியிருந்தது. கால்சியம் அவ்வளவு உயர்ந்தால் பாராதைராய்டு ஹார்மோன் அடங்கியிருக்க வேண்டும். இவருக்கு அதுவும் உயர்ந்திருந்தது. கட்டுப்பாடு தப்பிவிட்டது என்பதற்கு அந்த இரண்டு எண்களே சான்று. பாராதைராய்டு மிகையாகச் சுரக்கும் இந்த நோயில் பெரும்பாலும், நூற்றுக்கு எண்பதுக்கு மேல், நான்கில் ஒரே ஒரு சுரப்பிதான் கட்டியாகியிருக்கும். அது எங்கே என்று அறுவை மருத்துவருக்குத் தெரிந்தால் சிறு வெட்டில் வேலை முடியும்.

வழக்கமான இடங்களில் ஒன்றும் இல்லை. வலது மடலின் பின்புறம், இடது மடலின் பின்புறம், கீழ் முனைகளிலிருந்து மார்பெலும்பு வரை, கரோட்டிட் உறையை ஒட்டி மேலே தாடை வரை, மடல்களின் உள்ளேயும். அவசரப்பட்டால் இந்த இடத்தில்தான் நிறுத்தத் தோன்றும். "அம்மா, தலையை அந்தப் பக்கம் நல்லாத் திருப்புங்க" என்றேன். வலப்பக்கம் திருப்பியதும் இடப்பக்கத்தில் மூச்சுக்குழாய்க்கும் தமனிக்கும் நடுவில் வழி கிடைத்தது. கழுத்துக்கு லேசான அழுத்தம் கொடுத்தபடி புரோபை உள்நோக்கிச் சாய்த்தேன். "இப்ப முழுங்குங்க." உணவுக்குழாய் அசைந்து ஒதுங்கியபோது அதன் பின்னால் கருமையான ஒன்று கண்ணில் பட்டு மறைந்தது. மறுபடியும் முழுங்கச் சொன்னேன். இந்த முறை கூடவே நானும் நகர்ந்தேன். ஒன்றரை சென்டிமீட்டர், மழமழவென்ற ஓரம், மேல் முனையில் நுழையும் தமனி. அழுத்தத்தைக் குறைத்துக் குறைத்து, டாப்ளர் வேகத்தைத் தாழ்த்தித்தான் அந்தத் தமனியைப் படமெடுக்க முடிந்தது. கை கனமாக இருந்தால் மெல்லிய ஓட்டம் திரையில் வராது. மேல் சுரப்பி, இடம் பெயர்ந்து பின்னால் இறங்கியது. "கிடைச்சிருச்சா?" என்றார், தலையைத் திருப்பியபடியே.

கட்டி தெரியாத கழுத்துகளும் உண்டு. மார்பெலும்பின் பின்னால் ஒலியலை போகாது. அமெரிக்காவின் சார்ல்ஸ் மார்ட்டெல் என்ற கப்பல் கேப்டனின் கதையை நான் அதற்காகவே சொல்வேன். எலும்புகள் கரைந்து, உயரத்தில் ஏழு அங்குலம் குறைந்து போன மனிதர். கழுத்தைத் திரும்பத் திரும்பத் திறந்தும் கட்டி கிடைக்கவில்லை. 1932இல் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் நடந்த ஏழாவது அறுவையில் அது நெஞ்சுக்கூட்டின் உள்ளே கிடைத்தது. காலம் கடந்துவிட்டிருந்தது, சில வாரங்களில் இறந்துபோனார். இன்று டெக்னீசியம் செஸ்டமிபி ஸ்கேனும் நுட்பமான சி.டி.யும் அந்த இடங்களைக் காட்டிவிடுகின்றன. ஆகவே நான் தேடிக் கிடைக்காதபோது, எந்தெந்த இடங்களைத் தேடினேன், எந்த இடம் எனக்கு எட்டவில்லை என்று வரிசையாக எழுதி, அடுத்த பரிசோதனைக்கு அனுப்புகிறேன். 'பாராதைராய்டு இயல்பு' என்று எழுதுவது தவறு. இயல்பான பாராதைராய்டைப் பொதுவாக ஸ்கேனில் பார்க்கவே முடியாது. 'தேடிய இடங்களில் கட்டி தென்படவில்லை' என்பதே உண்மை.

கட்டி கிடைத்துவிட்டால் அறுவை மருத்துவருக்கு ஒரு வரைபடம் வரைந்து கொடுப்பேன்: எந்தப் பக்கம், மூச்சுக்குழாயிலிருந்து எத்தனை மில்லிமீட்டர், உணவுக்குழாய்க்கு எந்தப் பக்கம், தோலிலிருந்து எவ்வளவு ஆழம். குரல்நாணுக்குப் போகும் நரம்பு மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையிலான பள்ளத்தில்தான் ஓடுகிறது. இந்த எண்கள் அவருக்கு உதவும். தைராய்டில் ஊசிப் பரிசோதனை தேவைப்படும் முடிச்சு இருக்கிறதா என்றும் அதே சமயத்தில் பார்த்துவிடுவேன், ஒரே கழுத்தை இரண்டு முறை திறக்க நேரக் கூடாது.

பிறகு நோயாளியை எழச் சொல்லாமல் புரோபை மாற்றிக்கொண்டு, மிகுந்த கால்சியம் போய்ப் படியும் சிறுநீரகங்களையும் பார்ப்பேன். கல் இருக்கிறதா, திசுவில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று. கழுத்துக்காக வந்தவர்கள் இதற்கு ஆச்சரியப்படுவார்கள். மறுபக்கமும் அப்படியே: வயிற்று ஸ்கேனுக்கு வந்து, இரண்டு சிறுநீரகத்திலும் கல், இது முதல் தடவை அல்ல என்று சொல்கிறவர்களின் ரிப்போர்ட்டில் கடைசியாக ஒரு வரி சேர்க்கிறேன்: இரத்தக் கால்சியமும் பாராதைராய்டு ஹார்மோனும் பார்க்கவும்.